பெரியவர்களுக்கான ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டிகளில் மதிப்பெண் எப்படி விழுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டி முடிந்ததும் நடைபாதைச் சுவரில் முடிவுத் தாளை ஒட்டுவார்கள். அடுத்த அரை மணி நேரத்துக்கு அங்கே ஒரு கூட்டம் நிற்கும், ஈரக் கையுறையைக்கூடக் கழற்றாமல் விரலால் வரி வரியாகத் தேடிக்கொண்டு. நான் பெரிய வயதில் ஸ்கேட்டிங் கற்றுக்கொண்ட ஆள், சில போட்டிகளில் மதிப்பெண் கூட்டும் அறையிலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் அந்தக் கூட்டத்தில் யாராவது என் பக்கம் திரும்பி "இது என்ன கணக்கு?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒரே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். விதிகளை ஒவ்வொரு சீசனிலும் திருத்துவார்கள். உங்கள் போட்டி அறிவிப்பு வேறு மாதிரி சொன்னால் அறிவிப்பு சொல்வதுதான் சரி.

இந்த வயசுல போட்டியா? அப்படி ஒண்ணு நிஜமாவே நடக்குதா?

நடக்கிறது. அமெரிக்காவில் பெரியவர்களுக்கென்று தேசிய அளவிலான போட்டி 1995இல் தொடங்கியது. ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டார்ஃபில் 2005இல் பெரியவர்களுக்கான சர்வதேசப் போட்டி ஆரம்பமானது. சர்வதேச ஸ்கேட்டிங் சங்கமான ஐ.எஸ்.யூ.வின் கணக்கில் 28 வயதிலிருந்து 'அடல்ட்'. 28 முதல் 37 வரை ஒரு பிரிவு, 38 முதல் 47 வரை அடுத்தது, இப்படிப் பத்துப் பத்தாக மேலே போகும். 18 முதல் 27 வரை இருப்பவர்களுக்கு 'யங் அடல்ட்' என்று தனிப் பிரிவு.

வயதுக்கு மேல் தரமும் உண்டு: வெண்கலம், வெள்ளி, தங்கம், மாஸ்டர்ஸ். ஐ.எஸ்.யூ. முறையில் வெண்கலப் பிரிவில் ஒற்றைச் சுற்று ஜம்புகள்தான், அதிலும் ஆக்சல் (முன்னோக்கிக் கிளம்பி அரைச் சுற்று கூடுதலாகச் சுற்றும் ஜம்ப்) கிடையாது. வெள்ளியில் ஆக்சல் போடலாம், இரட்டைச் சுற்று கூடாது. தங்கத்தில் சில இரட்டைகளுக்கு அனுமதி உண்டு. இந்தப் பெயர்களைப் பதக்கத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வெண்கலப் பிரிவில் தங்கப் பதக்கம் வாங்கலாம், தங்கப் பிரிவில் வெண்கலமும் வாங்கலாம், வீட்டில் இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஒரு போட்டியில 2.8 போட்டாங்க, இன்னொண்ணுல 21.4. எது நல்ல மார்க்?

இரண்டையும் ஒப்பிட முடியாது. முதலாவது 6.0 முறையில் ஒரு நடுவர் போட்ட எண். இரண்டாவது ஐ.ஜே.எஸ். என்கிற புள்ளி முறையில் வந்த மொத்தம். இதற்கு வெளியே பொழுதுபோக்கு ஸ்கேட்டர்களுக்கென்றே ஐ.எஸ்.ஐ. என்ற அமைப்பின் போட்டிகள் உண்டு, அவர்கள் முறை வேறு. ஒரே நாளில், ஒரே ரிங்கில் (பனித்தளத்தில்), காலையில் தொடக்கநிலைப் பிரிவுக்கு 6.0, மதியம் வெள்ளிப் பிரிவுக்கு ஐ.ஜே.எஸ். என்று நடப்பதும் சகஜம். ஆகவே பதிவு செய்யும்போதே பார்க்க வேண்டியது உங்கள் பிரிவுக்கு எந்த முறை என்பது. அது தெரியாமல் புரோகிராம் அமைப்பது, கேள்வித்தாள் மாதிரி தெரியாமல் பரீட்சைக்குப் படிப்பது போலத்தான்.

ஆறு மார்க் முறையை ஒழிச்சுட்டாங்கன்னு கேள்விப்பட்டேனே?

மேல்மட்டத்தில் ஒழித்தார்கள். 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் ஜோடிப் பிரிவுத் தங்கம் ரஷ்ய ஜோடிக்குப் போனது, நடுவர் ஒருவர் மீது நெருக்கடி இருந்தது என்ற சர்ச்சை வெடித்தது, கடைசியில் கனடா ஜோடிக்கும் இன்னொரு தங்கம் கொடுத்தார்கள். அதன் பிறகு ஐ.எஸ்.யூ. புதிய புள்ளி முறையை 2004இல் ஏற்றது. 2006 டூரின்தான் அந்த முறையில் நடந்த முதல் ஒலிம்பிக்.

கீழ்மட்டத்தில் 6.0 இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் எளிமை. ஐ.ஜே.எஸ்.ஸுக்கு நடுவர்களோடு தனித் தொழில்நுட்பக் குழு, கணினி, பதிவு செய்ய ஆள், வீடியோ என்று ஒரு படையே வேண்டும். 6.0க்கு மூன்று நடுவர், பேனா, தாள், கணக்குப் போட ஒருவர் போதும். சின்னப் போட்டி நடத்துகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

ஆறுக்கு 2.4தானா? அவ்வளவு மோசமாவா ஆடினேன்?

இல்லை. 6.0 முறையில் அந்த எண்ணுக்குத் தனியாக அர்த்தமே கிடையாது என்று சொல்லலாம். நடுவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண் போடுவார், ஒன்று தொழில்நுட்பத்துக்கு, இன்னொன்று வெளிப்பாட்டுக்கு. இரண்டையும் கூட்டி, அந்தப் பிரிவில் யார் முதல், யார் இரண்டாவது என்று வரிசைப்படுத்துவதற்குத்தான் அவை. கூட்டுத்தொகை சமமாக வந்தால் ஃப்ரீ ஸ்கேட்டில் (சொந்தமாக அமைத்து ஆடும் சுற்றில்) இரண்டாவது எண், அதாவது வெளிப்பாடு, முடிவு செய்யும்.

முதலில் ஆடுகிறவருக்கு 2.4 போட்டால் பின்னால் வருகிறவர்களை மேலேயும் கீழேயும் வைக்க இடம் இருக்கும். இன்னொரு நடுவர் அதே ஆட்டத்துக்கு 3.1இல் தொடங்கலாம். வரிசை ஒன்றாக இருந்தால் இருவரும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்லியிருக்கிறார்கள். சில போட்டிகளில் எண்களை வெளியே காட்டாமல் இடங்களை மட்டும் ஒட்டுவதும் இதனால்தான். அழுகை மிச்சம்.

நடுவர்கள் கொடுத்த இடங்களைக் கூட்டிப் பார்த்தா என் தொகைதான் சின்னது. ஆனா எனக்கு ரெண்டாவது இடமாம். கணக்கு தப்பா?

கணக்கு சரியாகத்தான் இருக்கும், 6.0இல் முதலில் பார்ப்பது கூட்டுத்தொகையை அல்ல, பெரும்பான்மையை. ஐந்து நடுவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'அ'வுக்கு அவர்கள் கொடுத்த இடங்கள் 1, 1, 1, 3, 3. 'ஆ'வுக்கு 2, 2, 2, 1, 1. கூட்டினால் அ 9, ஆ 8. ஆனால் அ மூன்று நடுவர்களிடம் முதலிடம், ஐந்தில் மூன்று பெரும்பான்மை, ஆகவே அ ஜெயித்தாயிற்று. அந்த இரண்டு மூன்றாமிடங்களும் ஒன்றும் செய்யாது.

யாருக்கும் முதலிடத்தில் பெரும்பான்மை இல்லையென்றால் 'இரண்டாவது அல்லது அதற்கு மேல்' எத்தனை என்று எண்ணுவார்கள். அதிலும் சமம் என்றால் அந்தப் பெரும்பான்மைக்குள் வரும் இடங்களை மட்டும் கூட்டி, குறைந்த தொகைக்காரரை முன்னே வைப்பார்கள். அதுவும் சமமானால் கடைசியில்தான் நீங்கள் போட்ட மொத்தக் கூட்டல் வரும்.

எனக்கு அப்புறம் ஆடினவங்களால எனக்கும் இன்னொருத்தருக்கும் இடம் மாறிடுமா? அது எப்படி நியாயம்?

மாறும். நியாயமா என்பது வேறு விஷயம், எனக்கே முதலில் நம்பிக்கை வராமல் தாளில் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். ஐந்து நடுவர். முதலில் அ, ஆ இருவரும் ஆடி முடித்திருக்கிறார்கள். மூன்று பேர் அ முன்னே என்கிறார்கள், இரண்டு பேர் ஆ முன்னே என்கிறார்கள். அ முதலிடத்தில் நிற்கிறார்.

இப்போது இ வருகிறார். முதல் இரண்டு நடுவர்களின் வரிசை இ, அ, ஆ. மூன்றாமவர் அ, ஆ, இ. கடைசி இருவரும் ஆ, இ, அ. அதாவது அ வாங்கியது 2, 2, 1, 3, 3. ஆ வாங்கியது 3, 3, 2, 1, 1. இ வாங்கியது 1, 1, 3, 2, 2. முதலிடத்தில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. இரண்டு அல்லது மேல் என்று எண்ணினால் இ நான்கு, மற்ற இருவரும் மூன்று மூன்று. இ முதலிடம். அ, ஆ இருவருக்கும் மேலே சொன்ன அடுத்த படி: அவின் மூன்று இடங்கள் 2, 2, 1 கூட்டினால் 5, ஆவின் மூன்று 2, 1, 1 கூட்டினால் 4. ஆ இரண்டாவது, அ மூன்றாவது. அவும் ஆவும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை, எந்த நடுவரும் இருவரைப் பற்றிய தன் எண்ணத்தை மாற்றவில்லை, வரிசை மட்டும் புரண்டுவிட்டது. பழைய முறையை விட்டுவிட்டுத் தனித்தனிப் புள்ளிக்கு மாறியதில் இந்தத் தொல்லை இல்லாமல் போனது.

ஐ.எஸ்.ஐ. போட்டியில எல்லாருக்கும் ஏதாவது பரிசு கிடைச்சிடுமாமே, அப்ப அது போட்டியே இல்லையா?

அது வேறு நோக்கத்துக்காக வந்தது. 1959இல் ரிங்க் நடத்துகிறவர்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு அது, ஒலிம்பிக்குக்கு ஆள் தேடுவது அவர்கள் வேலை இல்லை, வருகிறவர்கள் தொடர்ந்து வர வேண்டும். ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்று தொடங்கி ஃப்ரீஸ்டைல் 1 முதல் 10 வரை படிகள். உங்கள் படியில் கேட்கப்பட்டதை எவ்வளவு சுத்தமாகச் செய்கிறீர்கள் என்பதே மதிப்பெண். மேல்படி அசைவுகளைச் செருகினால் பாராட்டு கிடைக்காது, கழிவுதான் கிடைக்கும்.

பிரிவில் எதிராளி யாருமே இல்லாவிட்டால் 'புத்தகத்துக்கு எதிராக' ஆடுகிறோம் என்பார்கள், அதாவது எதிரே இருப்பது ஒரு நிர்ணயித்த தரம். முதலிடத்துக்கு 5, அடுத்தவருக்கு 4 என்று அணிப் புள்ளியும் சேரும், அதனால் ஒருவர் மட்டும் நிற்கும் பிரிவுக்காகக்கூட அணி கத்தித் தீர்க்கும். என் கணிப்பில் முதல் போட்டிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஐ.ஜே.எஸ். தாளைப் பார்த்தா தலை சுத்துது. எங்கே ஆரம்பிக்கிறது?

இடது ஓரத்தில் ஆரம்பியுங்கள். நீங்கள் செய்த ஒவ்வொரு ஜம்ப், ஸ்பின், ஸ்டெப்புக்கும் ஒரு வரி. அதில் முதலில் சுருக்கப் பெயர், அதன் ஒட்டில் ஏதாவது குறி இருந்தால் அது தொழில்நுட்பக் குழு வைத்தது. அடுத்து அடிப்படை மதிப்பு. பிறகு நடுவர்கள் ஒவ்வொருவரும் −5 முதல் +5 வரை போட்ட தர எண்கள், ஜி.ஓ.இ. என்பது இதுதான். (2018க்கு முன் −3 முதல் +3 வரைதான் இருந்தது, பழைய தாள்களைப் பார்ப்பவர்கள் குழம்ப வேண்டாம்.) வரியின் கடைசியில் அந்த அசைவுக்கு மொத்தமாகக் கிடைத்தது. இவை எல்லாம் சேர்ந்தால் தொழில்நுட்பப் புள்ளி.

கீழே தனியாகக் காம்போனென்ட் என்கிற மூன்று வரி: கம்போசிஷன் (ஆட்டத்தின் அமைப்பு), பிரசன்டேஷன் (வெளிப்பாடு), ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ் (ஸ்கேட்டிங் திறன்). 2022–23 சீசனுக்கு முன் இது ஐந்தாக இருந்தது. அதற்கும் கீழே கழிவுகள். தொழில்நுட்பம், பிரிவுக்கான எண்ணால் பெருக்கிய காம்போனென்ட் இரண்டையும் கூட்டிக் கழிவைக் கழித்தால் உங்கள் எண். ஒருமுறை கையால் கூட்டிப் பாருங்கள், அடுத்த தடவை தாளைப் பார்த்தால் பயம் இருக்காது.

ஜி.ஓ.இ. −3ன்னா மூணு மார்க் போச்சுன்னு அர்த்தமா?

இல்லவே இல்லை, எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. ஒவ்வொரு படியும் அந்த அசைவின் அடிப்படை மதிப்பில் 10 சதவீதம். லட்ஸ் என்பது ஒரு வகை ஜம்ப், ஒற்றை லட்ஸின் மதிப்பு 0.60 என்றால் ஒரு படி 0.06. −3 என்றால் போனது 0.18.

நடுவர்கள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் மிக உயர்ந்த ஒன்றையும் மிகத் தாழ்ந்த ஒன்றையும் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி எடுப்பார்கள். −1, 0, +1, 0, −3 என்று வந்தால் +1, −3 இரண்டும் போய், −1, 0, 0 சராசரி −0.33. அதை 0.06ஆல் பெருக்கினால் −0.02. லட்ஸுக்கு 0.58 கிடைக்கும். அந்த −3 போட்ட நடுவரைப் பற்றி நீங்கள் கோபப்பட்டது அத்தனையும் வீண். நடுவர்கள் மூன்று நான்கு பேர் மட்டும் என்றால் தள்ளுவது கிடையாது, நேர் சராசரிதான்.

ஒரு வருஷம் முக்கி முக்கி லட்ஸ் கத்துக்கிட்டேன். மார்க் ஏறவே இல்லையே, ஏன்?

இதற்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன். அட்டவணையைப் பாருங்கள். ஒற்றை டோ லூப், சால்கோ 0.40. லூப், ஃபிளிப் 0.50. லட்ஸ் 0.60. ஆக்சல் 1.10. அதாவது ஃபிளிப்பை எடுத்துவிட்டு லட்ஸ் வைத்ததில் உங்களுக்குக் கிடைத்த லாபம் 0.10. அதுவும் சரியான எட்ஜில் (பிளேடின் விளிம்பில்) எகிறினால். தவறான எட்ஜ் என்று குழு குறித்துவிட்டால் 80 சதவீதம்தான், 0.48. சுத்தமான ஃபிளிப்பைவிடக் குறைவு! ஒரு வருடம் பாடுபட்டு 0.02 நஷ்டம்.

இப்போது ஸ்பின்னைப் பாருங்கள். எந்த லெவலும் (கடினத்துக்கான படியும்) இல்லாத, 'பேஸிக்' என்று குறிக்கப்படும் சாதாரண நின்ற ஸ்பின் 1.00. உட்கார்ந்த ஸ்பின்னும் கேமல் ஸ்பின்னும் (ஒரு காலைப் பின்னால் நீட்டிச் சுற்றுவது) 1.10, அதாவது எல்லோரும் கனவு காணும் அந்த ஒற்றை ஆக்சலுக்குச் சமம். காம்போனென்ட் மூன்றிலும் வெறும் 0.25 ஏறினால் 0.75, பிரிவுக்கான பெருக்கும் எண்ணால் பெருக்குவதற்கு முன்பே அது ஒரு முழு லட்ஸைவிட அதிகம். முட்டி மடித்து, எட்ஜில் சாய்ந்து, வேகம் குறையாமல் ஒரு மூலையைத் திரும்புவதற்கு எந்தப் பெயரும் இல்லை, ஆனால் புள்ளி அங்கேதான் இருக்கிறது. லட்ஸ் கற்க வேண்டாம் என்று சொல்லவில்லை, கற்றால் ஒரு சந்தோஷம். மார்க்குக்காக என்றால் வேறு இடத்தில் தோண்டுங்கள்.

ஸ்பின் போட்டேன், ஆனா தாள்ல பூஜ்யம். நான் சுத்தினதை யாருமே பார்க்கலையா?

பார்த்திருப்பார்கள், எண்ணியும் இருப்பார்கள். மூன்று சுற்றுக்குக் குறைந்தால் அது ஸ்பின்னே அல்ல, வெறும் அசைவு. நாம் உள்ளே இருந்து சுற்றும்போது ஆறு ஏழு போல இருக்கும், வீடியோவில் பார்த்தால் இரண்டேமுக்கால்.

இன்னொரு காரணம் நிலை. உட்கார்ந்த ஸ்பின் என்றால் ஊன்றிய காலின் தொடை குறைந்தது பனிக்கு இணையாக வர வேண்டும். கேமலில் பின்னால் நீட்டிய காலின் முட்டி இடுப்பு மட்டத்தைவிட உயர வேண்டும். எந்த நிலையும் எண்ணப்பட அதில் தொடர்ந்து இரண்டு சுற்று தேவை. நமக்கு உட்கார்ந்த மாதிரித் தோன்றுவது பெரும்பாலும் நாற்காலி தேடுகிற தோரணையில்தான் இருக்கும். பக்கவாட்டில் நின்று யாரையாவது படம் பிடிக்கச் சொல்லுங்கள், முன்னாலிருந்து எடுத்தால் தொடை பொய் சொல்லும்.

நான் நிறைய வேரியேஷன் வச்சு ஸ்பின் பண்றேன். எல்லாத்தையும் எண்ணுவாங்களா?

உங்கள் பிரிவின் உச்சவரம்பு வரைதான். கீழ்ப் பிரிவுகளில் ஸ்பின்னுக்கு எந்த லெவல் வரை எண்ணலாம் என்று கட்டுப்பாடு இருக்கும், அதற்கு மேல் நீங்கள் என்ன வித்தை காட்டினாலும் லெவல் ஏறாது. ஆகவே வரம்புக்குத் தேவையானதை மட்டும் வைத்து, மீதிச் சக்தியை மையம் நகராமல் வேகமாகச் சுற்றுவதில் போடுங்கள், அது ஜி.ஓ.இ.யில் திரும்பி வரும்.

காம்போனென்ட்ல எனக்கு எப்பவும் மூணுதான். மூணுன்னா 'பலவீனம்'னு போட்டிருக்கே, மனசு விட்டுப் போச்சு.

அந்த அளவுகோல் ஒன்றுதான், 0.25இல் தொடங்கி 10 வரை, ஒலிம்பிக் வெற்றியாளருக்கும் அதே, நமக்கும் அதே. 5 என்றால் 'சராசரி', அதுவும் உலகம் முழுக்க எல்லா நிலைகளையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு கோலில். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பனியில் நிற்கிற ஒருவருக்கு 3 என்பது அவமானம் இல்லை. அந்தச் சொல்லை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பாருங்கள். மூன்றிலும் 2.50இலிருந்து 3.25க்கு வந்திருந்தால் நீங்கள் இரண்டு ஆக்சல் சம்பாதித்திருக்கிறீர்கள்.

விழுந்தா எவ்வளவு போகும்? விழுந்துடுவோம்னு தெரிஞ்சா அந்த ஜம்பை விட்டுடலாமா?

விழுந்த ஜம்புக்கு நடுவர்கள் −5லிருந்துதான் யோசிக்கத் தொடங்குவார்கள். லட்ஸ் என்றால் 0.60இல் பாதி போய் 0.30 மிஞ்சும். அதோடு தனிக் கழிவு. மேல்மட்டப் போட்டிகளில் முதல் இரண்டு விழுகைக்கும் தலா 1 புள்ளி, அதற்கு மேல் விழுந்தால் இன்னும் அதிகம். பெரியவர் பிரிவுகளில் இதைக் குறைத்து வைத்திருப்பதும் உண்டு, அறிவிப்பில் பாருங்கள். கழிவு 1 என்றால் விழுந்த லட்ஸின் நிகரம் −0.70, போடாமலே இருந்திருந்தால் பூஜ்யம். கணக்குப்படி பத்தில் எட்டுத் தடவை விழுகிற ஒற்றை ஜம்பைப் போட்டியில் வைப்பது நஷ்டம்.

ஆனால் ஜம்பில் விழுவதைவிட வெறுமனே வளைவில் போகும்போது பிளேடு முனையின் பல் தட்டி விழுவதுதான் நம் பிரிவுகளில் அதிகம் என்பது என் அனுபவம். அதற்கும் கழிவு அதேதான். உடையிலிருந்தோ தலையிலிருந்தோ ஏதாவது கழன்று பனியில் விழுந்தாலும் கழிவு உண்டு, கல் வைத்த கிளிப் பிரியர்கள் கவனிக்க.

கூடுதலா ஒரு ஜம்ப் போட்டா கூடுதல் மார்க்தானே, நஷ்டம் என்ன?

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு பிரிவுக்கும் இத்தனை ஜம்ப், இத்தனை ஸ்பின் என்று எல்லை இருக்கிறது, எண்ணுவது நீங்கள் செய்த வரிசையில். என் புரோகிராமில் நடுவில் இசை கொஞ்சம் முந்திவிட்டது, அந்த இடைவெளியை நிரப்ப ஒரு டோ லூப் போட்டேன், எனக்கு அது சும்மா ஒரு துள்ளல். குழுவுக்கு அது ஒரு ஜம்ப். கடைசியில் நான் பத்திரப்படுத்தி வைத்திருந்த லட்ஸ், லூப் காம்பினேஷன் (அடுத்தடுத்துப் போடும் ஜோடி) எல்லையைத் தாண்டிப் போய், தாளில் ஒரு நட்சத்திரக் குறியோடு 0.00 என்று உட்கார்ந்திருந்தது. 0.40 உள்ளே வந்தது, 1.10 வெளியே போனது.

ஒரே ஜம்பைத் திரும்பத் திரும்பப் போடுவதற்கும் எல்லை உண்டு, அதிலும் இதே நட்சத்திரம்தான் வரும். பயிற்சியாளரிடம் 'ஏதாவது தப்பினால் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது' என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கால்வாசி சுத்து குறைஞ்சதையெல்லாம் யார் பார்க்கிறாங்க? நடுவர்களா?

நடுவர்கள் அல்ல. என்ன ஜம்ப், சுற்று முழுமையா, எட்ஜ் சரியா, ஸ்பின்னுக்கு என்ன லெவல் என்பதெல்லாம் தொழில்நுட்பக் குழுவின் வேலை. மூன்று பேர், ஒருவர் சத்தமாக அறிவிப்பார், சந்தேகம் வந்தால் வீடியோவில் திரும்பப் பார்த்துப் பெரும்பான்மையில் முடிவெடுப்பார்கள். நீங்கள் ஆடி முடித்தபின் மதிப்பெண்ணுக்கு நிற்கும் அந்த நீண்ட மௌனம் இதுதான்.

சரியாகக் கால்வாசிச் சுற்று குறைந்தால் அடிப்படை மதிப்பு முழுதாக இருக்கும், ஜி.ஓ.இ. மட்டும் குறையும். கால்வாசிக்கு மேல் அரைக்குக் கீழ் என்றால் 80 சதவீதம். அரைச் சுற்று அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு சுற்று குறைந்த ஜம்பாகக் கணக்கு, அதாவது இரட்டை சால்கோவின் 1.30 ஒரே அடியில் 0.40 ஆகிவிடும். இரட்டைக்குத் தாவத் துடிக்கும் தங்கப் பிரிவுக்காரர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

ஜம்பே வேண்டாம்னு இருக்கு, முட்டி ஒத்துழைக்கலை. எனக்குப் பிரிவு ஏதும் உண்டா?

ஆர்ட்டிஸ்டிக் பிரிவு உங்களுக்குத்தான். ஐ.எஸ்.யூ.வின் பெரியவர் போட்டியில் அங்கே ஜம்புக்கும் ஸ்பின்னுக்கும் தொழில்நுட்பப் புள்ளி கிடையாது, காம்போனென்ட் மட்டுமே. ஜம்ப் போடவும் ஒரு எல்லைக்குள் அனுமதி உண்டு, ஆனால் அதற்காகத் தனியாக எதுவும் விழாது. சுலபம் என்று நினைத்துப் போய் நிற்காதீர்கள், ஒளிந்துகொள்ள ஜம்ப் இல்லாதபோது நடுவர்கள் பார்ப்பதற்கு உங்கள் எட்ஜும் இசை காதில் விழுகிறதா என்பதும் மட்டும்தான் மிச்சம்.

போன வருஷம் 24, இந்த வருஷம் 22. பின்னாடி போயிட்டேனா?

மொத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. இடையில் அட்டவணை மாறியிருக்கலாம், பெருக்கும் எண் மாறியிருக்கலாம், குழு கண்டிப்பாக இருந்திருக்கலாம், பிரிவே மாறியிருக்கலாம். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பாருங்கள்: எந்த அசைவில் குறி விழுந்தது, எந்த ஸ்பின் ஒரு லெவல் இறங்கியது, காம்போனென்ட் எங்கே நிற்கிறது. ஒரு தடவை இப்படிப் பார்த்தபோது ஒருவருக்குக் குறைந்த இரண்டு புள்ளியும் ஒரே ஒரு ஸ்பின்னிலிருந்தும் ஒரு விழுகையிலிருந்தும் வந்தது, மற்ற எல்லா வரியும் ஏறியிருந்தது. அவர் அதுவரை ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை.

எதிராளி எல்லாரும் என்னைவிட ரொம்ப மேலே இருக்காங்க. வேணும்னே கீழ்ப் பிரிவுல நிக்கிறாங்களோ?

சிலர் நிற்கிறார்கள், மறுப்பதற்கில்லை. தேர்வு முறை உள்ள நாடுகளில் நீங்கள் எந்தத் தேர்வு வரை தேறினீர்கள் என்பதே பிரிவைத் தீர்மானிக்கும், தேறாமலே இருந்துவிட்டால் கீழேயே இருக்கலாம். ஆனால் சின்ன வயதில் பத்து வருடம் ஸ்கேட் செய்து, இருபது வருடம் விட்டு, திரும்பி வந்தவர்களும் அதே பிரிவில்தான் தொடங்குகிறார்கள். ஜம்ப் எல்லாம் போயிருக்கும், அந்த முட்டியும் எட்ஜும் போகாது. லட்ஸ் கேள்வியில் சொன்ன காரணத்தால் அவர்கள் உங்களைவிடக் குறைவாகத் தாவியும் மேலே வருவார்கள்.

என் ஃபிளிப்பை லட்ஸ்னு நினைச்சு தப்பான எட்ஜ் போட்டுட்டாங்க. வீடியோ இருக்கு. முறையிடலாமா?

முறையிட்டுப் பயனில்லை. நடுவர்களின் மதிப்பீட்டையோ குழுவின் முடிவையோ எதிர்த்து முறையீடு கிடையாது. கூட்டல் கழித்தலில் பிழை இருந்தால் மட்டும் திருத்துவார்கள். அசைவைத் தவறாக அடையாளம் கண்டது கணக்குப் பிழை ஆகாது, மனிதத் தவறு என்று ஐ.எஸ்.யூ. விதியே எழுதி வைத்திருக்கிறது.

முன்கூட்டியே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நீங்கள் என்னென்ன போடப்போகிறீர்கள் என்ற பட்டியலைப் போட்டிக்கு முன் கேட்பார்கள், அதில் ஃபிளிப் என்று எழுத வேண்டிய இடத்தில் பழைய புரோகிராமின் லட்ஸ் அப்படியே கிடக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இருப்பதற்காக அவர்கள் அதையே அறிவிக்க வேண்டும் என்றில்லை, காலைத்தான் பார்ப்பார்கள். ஆனாலும் எட்ஜ் இரண்டுங்கெட்டானாக இருக்கும்போது, குழுவின் கையில் இருக்கும் தாள் லட்ஸ் என்று சொன்னால் அவர்கள் கண் எந்தப் பக்கம் சாயும் என்று நினைக்கிறீர்கள்? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவரின் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். லட்ஸ் என்றுதான் இருந்தது, அவர் கையெழுத்தில்.

பிரிவுல நான் ஒருத்தர்தான். தங்கம் கொடுத்தாங்க. இதை வெளியில சொல்லிக்கலாமா?

6.0 முறையில் தனியாக ஆடினால் முதலிடத்தைத் தவிர அந்தத் தாளில் வேறு செய்தி இருக்காது. ஐ.ஜே.எஸ். என்றால் தாள் முழுக்க எண்கள் இருக்கும், பக்கத்துப் பிரிவின் தாளும் சுவரில்தான் ஒட்டியிருக்கும், ஒப்பிட்டுக்கொள்ளலாம். பதக்கத்தைப் பற்றிக் கேட்டால், 58 வயதுக்கு மேல் பனியில் இறங்க அந்த ஊரில் வேறு யாரும் வரவில்லை என்பது உங்கள் தவறா? தாராளமாகச் சொல்லுங்கள், எத்தனை பேர் என்று கேட்டால் அதையும் சொல்லுங்கள்.